மனைவியாக வாழ்ந்த பேய்: நீலியும் பொந்தியானாக்கும் பகிரும் ஒரு கதைக்கருவின் வரலாறு

பேய்க் கதைகளும் மாயக் கதைகளும் ஆய்வுக்கு உரியனவா என்னும் வினா தமிழியல் ஆய்வாளரிடையே பெரும்பாலும் எழுவதில்லை. அவை உரியன அல்ல என்னும் விடை முன்னரே முடிவு செய்யப்பட்டுவிட்டதே அதற்குக் காரணம். வகுப்பறையின் நிலையோ வேறு. கற்பனைக் கதை எழுதுமாறு பணிக்கப்படும் மாணவர் பலர், பாடநூல் காட்டும் நன்னெறிக் கதைகளை விட்டுவிட்டு, வாழைமரத்தடியில் நிற்கும் வெள்ளுடைப் பெண்ணைப் பற்றியே எழுத விழைவர். ஆசிரியர் அதனைக் கடிந்து திருத்துவது வழக்கம். அம்மாணவர் தொட்ட பொருள் எத்துணைப் பழைமையானது, எத்தனை மொழிகளைக் கடந்து வந்தது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அச்சக் கதைகளை விரும்பிப் படிப்போர் எத்தகைய கதைக்கருவை நாடுகின்றனர் என்று ஆராயின், இடுகாட்டில் அலறும் பேயைவிட வீட்டிற்குள் புகுந்து வாழும் பேயே அவர்களை மிகுதியும் ஈர்ப்பதைக் காணலாம். அடுக்களையில் சமைப்பவள், தொட்டிலை ஆட்டுபவள், கணவனுக்கு உணவு பரிமாறுபவள் மானிடப் பெண் அல்லள் என்பது தெரியவரும் கணமே இவ்வகைக் கதையின் உயிர்நிலை. இக்கட்டுரை இந்த ஒரு கதைக்கருவை மட்டும் எடுத்துக்கொண்டு, தமிழகத்துப் பழையனூர் நீலியையும் மலாய் மண்ணின் லாங்சுயர், பொந்தியானாக் ஆகியவற்றையும் நோக்குகிறது. 1957ஆம் ஆண்டு சிங்கப்பூரில் உருவான ஒரு திரைப்படம் அக்கருவில் நிகழ்த்திய மாற்றத்தை விளக்க முற்படுகிறது. அத்திரைப்படத்தை இயக்கியவர் தென்னிந்தியர் என்பதனால், நாம் அதனை வேறொருவருடைய வரலாறு என்று ஒதுக்கிவிட இயலாது. முழுவதும் நம்முடையது என்று உரிமை கொண்டாடவும் இயலாது.

தமிழ் மரபில் பேய்

தமிழிலக்கியத்தில் பேய்க்குப் பஞ்சமில்லை. போர்க்களத்தில் பிணந்தின்னும் பேய்மகளிர் சங்கப் பாடல்களிலேயே உளர். காரைக்காலம்மையார் தம்மையே பேயாகப் பாடினார். சயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில் பேய்களுக்குப் பசியும் சமையலும் விருந்தும் அமைத்துத் தந்தார். ஆயினும் இவை பெரும்பாலும் களத்துக்கும் சுடுகாட்டுக்கும் உரியவை. வீரத்தையோ பக்தியையோ மிகுத்துக் காட்ட வந்த இப்பேய்களைக் கண்டு கேட்போர் வியப்பர், அஞ்சுவது அரிது.

உண்மையான அச்சம் இரட்டைக் காப்பியங்களில்தான் எழுகின்றது. சிலப்பதிகாரத்தின் கனாத்திறம் உரைத்த காதையில் மாலதி என்னும் பார்ப்பனி மாற்றாளின் குழந்தைக்குப் பாலூட்ட, அது விக்கி இறந்துவிடுகிறது. பழிக்கு அஞ்சிய அவள் அக்குழந்தையைச் சுமந்துகொண்டு கோயில் கோயிலாக அலைகிறாள். இறுதியில் இளம்பெண் உருவில் வந்த இடாகினிப் பேய், தவம் செய்யாதார்க்குத் தேவர் வரம் தாரார் என்று கூறி, பிணத்தை அவள் கையிலிருந்து பறித்துச் சென்று தின்றுவிடுகிறது. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில் சார்ங்கலன் என்னும் சிறுவன் சுடுகாட்டை ஊர் என்று எண்ணித் தனியே நுழைகிறான். தலை ஒன்றைக் கையில் ஏந்தி ஆடும் பேயைக் கண்டு ஓடிவந்து தாயிடம் சொல்லி உயிர் விடுகிறான். இவ்விரு பகுதிகளையும் நாம் வினையும் நிலையாமையும் கற்பிக்கும் பகுதிகளாக மட்டுமே நடத்திவருகிறோம். மாலதியின் கையிலிருந்து குழந்தை பறிபோகும் இடத்தை அச்சக் கதையாகப் படித்துக் காட்டும் ஆசிரியர் மாணவரின் கவனத்தை எளிதில் பெறுவார் என்பது எம் கருத்து.

நாம் எடுத்துக்கொண்ட கதைக்கரு தமிழில் முழுமையாக அமைவது நீலி கதையில்தான். முற்பிறப்பில் கணவனால் கொல்லப்பட்டவள் பேயாகி, மறுபிறப்பில் வணிகனாகப் பிறந்த அவனைத் தொடர்கிறாள். பேயால் தீங்கு நேரும் என்று முன்னரே எச்சரிக்கப்பட்ட அவ்வணிகன் காப்பாக வாள் ஒன்றை வைத்திருக்கிறான். பழையனூரில் அவன் தங்கும்போது, நீலி கட்டை ஒன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் சுமந்துகொண்டு வந்து, தன்னைக் கைவிட்டுச் செல்லும் கணவன் இவன் என்று வேளாளர் எழுபதின்மர் முன் முறையிடுகிறாள். குழந்தை அவனைத் தந்தை என்று அணைகிறது. ஊரார் அவள் பக்கம் தீர்ப்பளிக்கின்றனர். வாளை வாங்கி வைத்துக்கொண்டு, உனக்குத் தீங்கு நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருவோம் என்று உறுதியளித்து, அவளுடன் அவனை ஓரறையில் தங்கச் செய்கின்றனர். மறுநாள் வணிகன் பிணமாகக் கிடக்கிறான். எழுபதின்மரும் சொன்ன சொல் தவறாமல் தீப்புகுகின்றனர்.

இக்கதையின் பழைமைக்குத் திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்தைச் சான்றாகக் காட்டுவர். நீலகேசி என்னும் சமண நூல் இந்நீலியைத் திருத்தி, வாதத்தில் வல்ல சமயவாதியாக்கிற்று. தென் மாவட்டங்களில் வில்லுப்பாட்டு அவளை இசக்கியம்மனாக்கி வழிபாட்டுக்குரியவளாக ஏற்றிற்று. முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் அதற்குச் சான்றாக நிற்கின்றது. வேளாளரின் வாய்மையைப் போற்றவே கதை பெரிதும் எடுத்தாளப்பட்டது. கதைக்கருவை மட்டும் பிரித்து நோக்கினால் வேறொன்று புலப்படும். நீலி வணிகனைத் தன் ஆற்றலால் மட்டும் கொல்லவில்லை. அவன் கையிலிருந்த வாளை வாங்கி வைத்தவர்கள் நீதி வழங்க அமர்ந்த நல்லோர். கைவிடப்பட்ட பெண்ணுக்கும் குழந்தைக்கும் இரங்கிய அவர்களது அறவுணர்வே பேய்க்குக் கதவைத் திறந்துவிடுகிறது. அவன் சொல்வது முழுவதும் உண்மை. ஓர் ஊரே அதனை நம்ப மறுக்கிறது. இதனினும் கொடிய அச்சத்தை இக்கால எழுத்தாளர் புனைவது அரிது.

மலாய் மண்ணின் லாங்சுயர்

மலாய்ப் பேய்களைப் பற்றிய தொடக்ககாலப் பதிவுகளுள் ஒன்றை விட்டுச் சென்றவர் முன்ஷி அப்துல்லா. நாகூர்த் தொடர்புடைய குடும்பத்தில் மலாக்காவில் பிறந்து, இளமையில் தமிழும் கற்ற அவர், 1849இல் சிங்கப்பூரில் அச்சான தமது ஹிக்காயாட் அப்துல்லாவில் மலாய்க்காரரிடையே வழங்கிய பேய்களின் பெயர்களைத் தொகுத்துரைக்கிறார். பொலோங், பெனாங்காலான் ஆகியவற்றை விரித்தும் கூறுகிறார். பேய் நம்பிக்கையைப் பழித்துக்கொண்டே அதனை நுணுக்கமாக எழுதிவைத்த அவரது செயல் சுவையானது. மறுப்பவர் எழுதியதனாலேயே பல நம்பிக்கைகள் நமக்குக் கிடைத்துள்ளன.

லாங்சுயர் பற்றிய விரிவான பதிவு வால்டர் ஸ்கீட் 1900இல் வெளியிட்ட மலாய் மந்திரவியல் பற்றிய நூலில் உள்ளது. அழகிய பெண் ஒருத்தி மகப்பேற்றின்போது, தன் குழந்தை இறந்து பிறந்தது என்பதைக் கேட்ட அதிர்ச்சியால் இறந்து லாங்சுயர் ஆகிறாள். இறந்து பிறந்த அக்குழந்தையே பொந்தியானாக். இன்று நாம் தாய்ப்பேய்க்கு வழங்கும் பெயர் அன்று குழந்தைக்கு உரியதாக இருந்தது என்பது நோக்கத்தக்கது. மகப்பேற்றில் இறந்தவள் லாங்சுயராகாமல் தடுக்க, பிணத்தின் வாயில் கண்ணாடி மணிகளும், அக்குள்களில் கோழி முட்டைகளும், உள்ளங்கைகளில் ஊசிகளும் வைக்கப்பட்டன. அவள் அலறாதிருக்க மணி. கைகளைச் சிறகாக்கிப் பறக்காதிருக்க முட்டையும் ஊசியும்.

இதே துயரத்துக்குத் தமிழகம் கண்ட வழியை இவ்விடத்தில் ஒப்பிட வேண்டும். கருவுற்ற நிலையில் ஒரு பெண் இறந்தால், அவள் நினைவாகச் சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் நிறுவுதல் தமிழக வழக்கம். இரண்டு நடுகற்களின்மேல் ஒரு கல் கிடக்கும். வழிச்செல்வோர் தலைச்சுமையை அதன்மேல் இறக்கி இளைப்பாறும்போது, வயிற்றுச் சுமையோடு சென்றவளின் பாரமும் குறையும் என்பது நம்பிக்கை. ஒரு சமூகம் பிணத்தைக் கட்டுப்படுத்திற்று. மற்றொன்று அவள் பாரத்தை முகமறியாதாருடன் பகிர்ந்தது. பேறுகால இறப்பு மிகுதியாக நிகழ்ந்த காலத்தில் இரண்டும் ஒரே அச்சத்திலிருந்தும் ஒரே குற்றவுணர்விலிருந்தும் பிறந்தவை. வடஇந்தியாவின் சூரேல், சாவகத்தின் குந்திலானாக், சப்பானின் உபுமே ஆகியனவும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. ஆகவே ஒப்புமை காணப்படும் இடமெல்லாம் கடன்பேறு என்று கொள்வது பொருந்தாது.

ஸ்கீட் தரும் செய்திகளுள் நமக்கு இன்றியமையாதது வேறொன்று. லாங்சுயரின் பின்கழுத்தில் ஒரு துளை உண்டு; நீண்ட கூந்தல் அதனை மறைத்திருக்கும். அவளைப் பிடித்து, நகத்தையும் கூந்தலையும் வெட்டி அத்துளையில் திணித்துவிட்டால், அவள் அடங்கிச் சாதாரணப் பெண்ணாகிவிடுவாள். அங்ஙனம் மனைவியாகவும் தாயாகவும் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர்களும் உண்டாம். ஊர் விழாவில் ஆட அவளுக்கு இசைவளித்தால் மட்டும், காரணம் விளங்காத வகையில், பழைய உருவை அடைந்து இருட்டில் பறந்துவிடுவாள்.

நம் கதைக்கரு மலாய் மரபில் முழு உருவம் பெற்று நிற்கும் இடம் இதுவே. ஸ்கீட் இதற்குச் சில வரிகளே ஒதுக்கியுள்ளார். ஆயினும் ஒரு நெடுங்கதைக்கு வேண்டிய அனைத்தும் அவ்வரிகளில் உள்ளன. அவள் யார் என்பது கணவனுக்குத் தெரியும். நகத்தைத் திணித்தவனே அவன்தான். குழந்தைகளுக்குத் தெரியாது. ஊரார் அன்போடு ஆட அழைக்கின்றனர். பழையனூரில் ஊரின் இரக்கம் கதவைத் திறந்தது. இங்கே ஊரின் கொண்டாட்டம் திறக்கிறது. இரண்டிலும் கேட்டுக்குக் காரணமானோர் தீயோர் அல்லர். பேயின் மனத்துக்குள் என்ன நிகழ்ந்தது என்பதை மட்டும் இரு மரபுகளும் வினவவில்லை. ஆண்டுக்கணக்கில் தாயாக வாழ்ந்தவள் பறந்தபோது குழந்தையைத் திரும்பிப் பார்த்தாளா என்பது ஸ்கீட்டின் பதிவில் இல்லை.

சிங்கப்பூரில் உருவான திரைப்படம்

சிங்கப்பூரில் மலாய்த் திரைப்படத்தின் தொடக்கமே இந்தியத் தொடர்புடையது. 1934இல் வெளிவந்த லைலா மஜ்னுன் படத்தை இயக்கியவர் பி. எஸ். ராஜ்ஹன்ஸ். போருக்குப் பின் ஷா சகோதரர்கள் ஜாலான் அம்பாஸில் நடத்திய மலாய்த் திரைப்படக் கூடத்தில் அவரைத் தொடர்ந்து எல். கிருஷ்ணன், எஸ். இராமநாதன், கே. எம். பாஸ்கர், பணி மஜும்தார் முதலிய பலர் பணியாற்றினர். இவர்களுள் சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த கிருஷ்ணன் இம்மண்ணை அறிந்தவர். பிறர் பலருக்கு மலாய் மொழியில் போதிய பயிற்சி இல்லை. அவர்கள் ஆங்கிலத்தில் அமைத்த காட்சிகளுக்கு உடன் பணியாற்றிய மலாய் உதவி இயக்குநர்கள் உரையாடல் அமைத்தனர். இந்தியப் படங்களின் கதையை மலாய் முகங்களைக் கொண்டு மீண்டும் எடுத்தனர் என்னும் குறை இவ்வியக்குநர்கள்மீது அக்காலத்திலேயே எழுந்தது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அது முழு உண்மையும் அன்று.

பாலகிருஷ்ண நாராயண ராவ் என்னும் பி. என். ராவ் கேரளத்தைச் சேர்ந்தவர். இங்கு வருமுன் தமிழில் ரம்பையின் காதல் (1939), மதனகாமராஜன் (1941), சாலிவாகனன் (1945) முதலிய படங்களை இயக்கியவர். தலைப்புகளே அவரது ஈடுபாட்டைக் காட்டும். சாபத்தால் சிலையாகும் விண்ணுலகப் பெண்ணும், கதைக்குள் கதையாக விரியும் மதனகாமராஜன் கதைத்தொகுதியும் மாயக் கதை விரும்பிகளுக்கு உரியவை. 1953இல் ஷா நிறுவனத்துக்காக ஹூஜான் பானாஸ் என்னும் படத்தை எடுத்தார். பின்னர், ஹோ ஆ லோக்கும் லோக் வான் தோவும் இணைந்து நடத்திய கேத்தே-கெரிஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே அவர் இயக்கிய பொந்தியானாக் 1957 ஏப்ரலில், மலாயா விடுதலை பெறுவதற்கு நான்கு மாதங்கள் முன்னர், திரைக்கு வந்தது. திரைக்கதையை எழுதியவர் அப்துல் ரசாக். நாயகியாக நடித்தவர் அவருடைய மனைவியும் சுலாவெசியில் பிறந்தவருமான மரியா மெனாடோ. மலாய்க் கதை, சீன முதலீடு, இந்திய இயக்கம் என்று அமைந்த அப்படம் கேத்தே அரங்கில் வாரக்கணக்கில் ஓடிற்று. கண்டோனீசிய மொழியிலும் மாற்றம் செய்யப்பட்டது. மலாய்ப் படம் காண வராத பார்வையாளரையும் ஒரு பேய் வரவழைத்தது எனலாம்.

அதன் கதை வருமாறு: சோமெல் என்பவள் கூனும் அழகின்மையும் கொண்ட ஆதரவற்ற பெண். சோமெல் என்றால் மலாயில் அழகி என்று பொருள்; பெயரிலேயே முரண் அமைந்துள்ளது. தன்னை வளர்த்த முதியவர் இறந்தபின், அவர் விட்டுச் சென்ற மந்திர நூலின் துணையால் அவள் பேரழகியாகிறாள். ஒரு விலக்கு மட்டும் உண்டு: மனித இரத்தத்தை ஒருபோதும் சுவைத்தல் கூடாது. அவள் மணந்து, மகளையும் பெற்று வாழ்கிறாள். ஒருநாள் கணவனைப் பாம்பு தீண்டுகிறது. அவன் உயிரைக் காக்கக் கடிவாயில் வாய் வைத்து நஞ்சை உறிஞ்சுகிறாள். இரத்தம் நாவில் படுகிறது. அவள் பொந்தியானாக் ஆகிறாள்.

ஸ்கீட் பதிந்த கதையோடு இதனை ஒப்பிட்டால் மாற்றத்தின் அளவு விளங்கும். முதலாவதாக, மகப்பேற்று இறப்பு கதையின் நடுவிலிருந்து அகன்றுவிட்டது; இங்கே சோமெல் இறந்து பேயானவள் அல்லள், வாழும்போதே மாறியவள். இரண்டாவதாக, விலக்கை மீறுவது விழாக் கூத்தால் அன்று, கணவன்மீது கொண்ட அன்பால் நிகழ்கிறது. நீலி கதையில் பழி ஊர்மீது விழுந்தது. லாங்சுயர் கதையில் யார்மீதும் விழவில்லை. இங்கே மனைவி செய்யத்தக்க மிக உயர்ந்த செயலே அவளைப் பேயாக்குகிறது. அவள் நஞ்சை உறிஞ்சாதிருந்தால் கைம்பெண்ணாகியிருப்பாள், உறிஞ்சியதால் பேயானாள். பார்வையாளர் பேய்க்கு அஞ்சுவதோடு பேய்க்காக இரங்கவும் வேண்டிய நிலை ஏற்பட்டது. இதுவே இத்திரைப்படம் பழைய கருவுக்குச் செய்த பெரும்பணி.

இம்மாற்றம் எங்கிருந்து வந்தது? கணவனுக்காகத் தன்னை இழக்கும் மனைவியும், பிள்ளையைப் பிரிந்து தவிக்கும் தாயும் 1930களிலிருந்தே இந்தியத் திரைப்படத்தின் அச்சாணிகள். ராவ் அம்மரபில் பயின்றவர். ஆயின் விலக்கு, மந்திர நூல், கம்பத்து வாழ்க்கை ஆகியவற்றை எழுதியவர் மலாய்ச் சூழலில் வாழ்ந்தவர். பேய் மலாய் மண்ணுக்குரியது. அதற்கு வாய்த்த குடும்பத் துயரத்தின் வடிவம் இந்தியப் படமரபுக்கு அணுக்கமானது என்று கொள்வதே பொருத்தம். அடுத்த ஆண்டே, போட்டி நிறுவனத்தில் பி. ரம்லி இயக்கி நடித்த சும்பா ஓராங் மின்யாக் படத்திலும், கூனன் ஒருவன் அழகனாகி, விலக்கை மீறிக் கெடும் கதை அமைந்தது. ஒரு வெற்றிக் கரு எவ்வளவு விரைவில் பொதுச் சொத்தாகிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

நகமும் ஆணியும்

இன்று பொந்தியானாக் என்றவுடன் நம் மாணவர் முதலில் சொல்வது பின்கழுத்தில் அறையும் இரும்பாணியைப் பற்றியே. ஆணி இருக்கும்வரை அவள் பெண், பிடுங்கினால் பேய். ராவின் படங்களும் அவற்றைப் பின்பற்றிய படங்களும் இந்த ஆணியைப் பெரிதும் பரப்பின. ஸ்கீட் லாங்சுயரை அடக்கக் கூறும் வழியிலோ ஆணி இல்லை. அங்கே துளையை அடைப்பவை விரல் நகமும் கூந்தலும். நகம் ஆணியானது எப்போது?

இவ்வினாவுக்குக் கவர்ச்சியான ஒரு விடை உண்டு. கேரளத்தில் கடமற்றத்துக் கத்தனார் என்னும் மந்திரவாதப் பாதிரியாரின் கதை பெருவழக்காக உள்ளது. கொட்டாரத்தில் சங்குண்ணியின் ஐதிகமாலையில் அது இடம்பெற்றுள்ளது. வழிப்போக்கரைக் கொல்லும் யட்சியின் தலையில் அவர் இரும்பாணியை அறைய, அவள் அடங்கிப் பெண்ணாகிறாள். வேறொரு வீட்டில் அவள் தங்கியிருக்கும்போது, முதியவள் ஒருத்தி அன்போடு அவள் தலையை வாரிவிடுகிறாள். ஆணி கையில் தட்டுப்பட, அதனைப் பிடுங்கிவிடுகிறாள். யட்சி மீண்டும் யட்சியாகிறாள். தலைவாரும் அன்புக் கையே கேட்டுக்கு வழி திறப்பது, நாம் மேலே கண்ட மூன்று கதைகளோடும் ஒத்துச் செல்வதைக் கவனிக்க வேண்டும். தமிழகத்திலும் பேயோட்டும்போது, பிடிக்கப்பட்டவரின் முடிக்கற்றையை வெட்டிப் புளியமரத்தில் ஆணியால் அறைதல் உண்டு. ராவ் கேரளத்தவர். ஆகவே ஆணி அவரோடு கப்பலேறி வந்தது என்று எழுதிவிட நம் பேனா துடிக்கும்.

நாம் அங்ஙனம் எழுதவில்லை. சாவகத்துப் பேய்க் கதைகளிலும் தலையில் ஆணி அறையும் வழக்கம் சொல்லப்படுகிறது. இரும்பு பேயை அடக்கும் என்னும் நம்பிக்கை உலகின் பல பகுதிகளுக்கும் பொது. ஸ்கீட்டின் உள்ளங்கை ஊசிகளும் இரும்பே. திரைக்கதையை எழுதியவர் ராவ் அல்லர் என்பதையும் மறத்தலாகாது. தென்கிழக்காசியப் பண்பாட்டில் காணும் எதனையும் இந்தியாவிலிருந்து வந்ததாகக் கூறிப் பெருமைகொள்வது நம் ஆய்வாளரிடம் நெடுநாளாகப் படிந்துள்ள பழக்கம். இந்தியமயமாதல் என்னும் கோட்பாடு அப்பழக்கத்துக்கு உரமூட்டிற்று. அதன் மறுபக்கமாக, இந்திய இயக்குநர்கள் இம்மண்ணின் கதைகளை அறியாத அயலார் என்று ஒதுக்கும் எழுத்தும் உண்டு. ஆணிக்கு மூலம் காட்டி முதல் தரப்பை மகிழ்விப்பதால் இரண்டாம் தரப்புக்கு விடை கிடைத்துவிடாது. ராவ் மலாய்ப் பேயை இந்தியப் பேயாக்கவில்லை. நீலியையோ யட்சியையோ கொண்டுவந்து மலாய் உடை உடுத்தி நிறுத்தும் எளிய வழி அவருக்குத் திறந்தே இருந்தது. தாம் வந்து சேர்ந்த ஊரில் மக்கள் எதற்கு அஞ்சினரோ, அதனையே அவர் எடுத்துக்கொண்டார்.

பின்னைய வரலாறு

முதற்படத்தின் வெற்றியால் அதே ஆண்டில் டெண்டாம் பொந்தியானாக், 1958இல் சும்பா பொந்தியானாக் ஆகியவற்றை ராவே இயக்கினார். மூன்றாம் படத்தில் சோமெல் தன் மகளைக் காக்கப் போராடும் தாயாகிறாள். அச்சுறுத்துபவை வேறு பூதங்கள். பழிவாங்கும் பேய் இரண்டே ஆண்டுகளில் காவல் தெய்வமாகும் நிலையை எய்தியதை நோக்கும்போது, நீலி இசக்கியானது நினைவுக்கு வருகிறது. அங்கே நூற்றாண்டுகள் ஆயின. திரைப்படத் தொழிலுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. 1963இல் பிலிப்பீன்சு இயக்குநர் ரமோன் எஸ்தெல்லா பொந்தியானாக் கெம்பாலி எடுத்தார். 1964இல் ராவ் பொந்தியானாக் குவா மூசாங் எடுத்தார். சிங்கப்பூர்ப் படக்கூடங்கள் ஓய்ந்தபின் இப்பேய் திரையில் அரிதாகவே தோன்றிற்று. மலேசியாவில் 2004இல் ஷுஹைமி பாபா இயக்கிய பொந்தியானாக் ஹாரும் சுண்டால் மாலாம் அதனை மீண்டும் பெருந்திரைக்குக் கொணர்ந்தது.

தமிழாசிரியருக்கு இவ்வரலாற்றில் பயன்படுத்தத்தக்கது மிகுதி. நீலி கதையையும் சோமெல் கதையையும் அடுத்தடுத்துச் சொல்லி, வணிகன் கையிலிருந்த வாளை ஊரார் வாங்கியது சரியா, சோமெல் நஞ்சை உறிஞ்சியது சரியா என்று வினவினால் வகுப்பில் வாதம் எழும். ஸ்கீட் விட்டுவைத்த இடைவெளியும் கதை எழுதத் தகுந்த களமே: விழாவுக்குப் புறப்படும் தாயை, அவளுடைய கூந்தலைப் பார்த்தவாறு வாயிலில் நிற்கும் மகனின் கூற்றாக எழுதச் சொல்லலாம். சார்ங்கலனைப் படித்த மாணவன் அதனை இன்னும் நன்றாக எழுதுவான்.

1957ஆம் ஆண்டின் இரு படங்களும் இன்று இல்லை. அவற்றின் சுருள்கள் சுரங்கக் குட்டை ஒன்றில் எறியப்பட்டன என்று கூறப்படுவதுண்டு. 1958ஆம் ஆண்டின் சும்பா பொந்தியானாக் எஞ்சியுள்ளது. சோமெல் கணவனின் காலருகே குனிந்து நஞ்சை உறிஞ்சும் காட்சியோ, அதனை அரங்கில் பார்த்தவர்கள் சொல்லக் கேட்டும் கதைச் சுருக்கங்களில் படித்தும் அறியத்தக்கதாகவே உள்ளது. பார்த்தவர்கள் முதியோராகிவிட்டனர், அவர்களிடையே தமிழரும் உளர். அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதிவைக்கும் பணி நம் துறைகளில் இனித்தான் தொடங்க வேண்டும்.